கை நிற்காத வெள்ளிக்கிழமை

நாற்காலி போட்டுக் கொடுத்தும் தங்கம் அதில் உட்காரவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த பேப்பர் பண்டல் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். மடியில் ஒரு மஞ்சள் பை. அதில் இருந்த நோட்டுகளெல்லாம் என் கைக்கு வந்துவிட்டதால் பை வெறுமையாகக் கிடந்தது. அதன் காதை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

நான் படிக்க ஆரம்பித்தேன். தன் கதையை இன்னொருவர் வாயால் முதல்முதலாகக் கேட்கிறவர், படிக்கிறவள் முகத்தைத்தான் பார்ப்பார். தங்கம் என்னைப் பார்க்கவே இல்லை. தரையில் வட்டமாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த பெண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கைகள் பாரம் மடித்துக்கொண்டிருந்தன. அச்சாகி வந்த பெரிய தாளைப் பக்க எண் வரிசையில் வரும்படி மடித்து மடித்துச் சின்னதாக்க வேண்டும். அதைத்தான் பாரம் மடிப்பது என்போம். ஒரு மடிப்பு, மூங்கில் பட்டையால் ஒரு இழுப்பு, திருப்பி இன்னொரு மடிப்பு, இன்னொரு இழுப்பு. சர்ரக், சர்ரக் என்று அந்த அறை முழுக்க ஒரே சத்தமாக இருக்கும். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசையின் வாசனையும் புது மையின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். இன்றைக்கும் எங்காவது புதுப் புத்தகத்தைப் பிரித்தால் எனக்கு முதலில் அந்தச் சத்தம்தான் கேட்கிறது.

அந்தச் சத்தம் நிற்க வேண்டும். நின்றால் தங்கத்தின் நாவல் புத்தகமாகும். நிற்காவிட்டால் நோட்டுகள் மஞ்சள் பைக்குத் திரும்பிப் போகும். எங்கள் கம்பெனியின் சட்டம் அது. தங்கத்துக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் சங்ககிரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, கேட்டுக் கெஞ்சி, அங்கே உட்கார்ந்திருந்தார்.

கதவு நிலையில் சாய்ந்தபடி முதலாளியும் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டயரைப் பார்க்கிற மனிதர்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு முதலாளி நாச்சிமுத்துவை நன்றாகத் தெரியும். காலண்டரில் முருகனுக்குப் பக்கத்தில் தன் லாரியையும் வரையச் சொல்லி ஓவியரிடம் சண்டை பிடித்தவர் என்று போன மாதம் எழுதியிருந்தேன். புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

அவருக்கும் புத்தகத்துக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. சங்ககிரிப் பக்கம் காடு தோட்டம் உள்ள குடும்பம். முதலில் ஒரு லாரி வாங்கி, அதை அவரே ஓட்டி, அப்புறம் நாலைந்து லாரிக்குச் சொந்தக்காரரானார். லாரிக்கு வேண்டிய டிரிப் ஷீட்டுகளை அச்சடிக்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பிரஸ்ஸில் கொடுத்திருந்தார். பிரஸ்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்திருக்கிறார். இவர் கோபத்தில், “உம்பட பிரஸ்ஸையே குடுத்துர்றியா, நான் அடிச்சுக்கறேன்” என்று கத்த, கடனில் மூழ்கியிருந்த அந்த மனிதர் சரி என்று தலையாட்டிவிட்டார். இப்படித்தான் கஞ்சமலைப் பதிப்பகம் பிறந்தது. ஒரு கம்பெனி சண்டையில் பிறந்து நான் கேள்விப்பட்டது அது ஒன்றுதான்.

டிரிப் ஷீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை, அதிலிருந்து காலண்டர், அதிலிருந்து பத்தாம் வகுப்பு கைடுகள். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போனபோது நாவல்களும் போட ஆரம்பித்திருந்தார்கள். அவை எங்கள் லாரிகளிலேயே போகும். சிமெண்டு மூட்டைக்கு மேலேயோ ஜவுளி பேலுக்கு மேலேயோ புத்தகப் பண்டல் ஓசியில் உட்கார்ந்துகொண்டு ஈரோடு, கோயம்புத்தூர், பெங்களூர் என்று போய்ச் சேரும். சென்னைக்காரர்கள் ரயில்வே பார்சலுக்குக் காத்துக்கிடக்கையில் எங்கள் புத்தகம் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கயிற்றில் தொங்க ஆரம்பித்துவிடும். கொஞ்ச வருடங்களிலேயே எங்கள் பக்கத்து மாவட்டங்களில் கஞ்சமலை முத்திரை இல்லாத புத்தகக் கடை இல்லை என்றாகிவிட்டது. ஓமலூர் ரோட்டில் மாடிக் கட்டடம் எழும்பியது.

இத்தனைக்கும் முதலாளி ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படித்தவர் இல்லை. எதையும் மனிதர்களின் வாய்ச்சொல்லை வைத்து நம்ப மாட்டார் என்பதுதான் அவருடைய ஒரே மூலதனம். “லோடு ஏத்தறவன் வாயப் பாக்காத அம்மிணி. டயரு எத்தன அமுங்குதுன்னு பாரு. டயரு பொய் சொல்லாது” என்பார். லாரியில் கற்றுக்கொண்ட பாடத்தைப் புத்தகத்திலும் போட்டுப் பார்த்தார். வெகுகாலம் அது அவரை ஏமாற்றவே இல்லை.

கை நின்றால் அச்சு

என் வேலை உரக்கப் படிப்பது. கையெழுத்துப் பிரதியை நான் கால்புள்ளி, முற்றுப்புள்ளி உட்பட வாய்விட்டுப் படிப்பேன். ஓய்வுபெற்ற தமிழ்ப் புலவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து அச்சான புரூஃபில் பிழை திருத்துவார். எங்களுக்கென்று தனி அறை கிடையாது. பைண்டிங் அறையின் மூலையில் ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். பெண்கள் பாட்டுக்குப் பாரம் மடிப்பார்கள், நான் பாட்டுக்குக் கத்துவேன்.

ஒருநாள் ஒரு மர்மக் கதை. பூட்டிய வீட்டுக்குள் யாரோ நடக்கிற சத்தம் கேட்கிற கட்டம். படித்துக்கொண்டே போனவளுக்குத் திடீரென்று என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் அத்தனை பெண்களும் மூங்கில் பட்டையை அந்தரத்தில் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பைண்டிங் சத்தம் நின்றுபோனதால் முதலாளி மாடியிலிருந்து வேகமாக இறங்கி வந்தார். சரி, இன்றைக்கு எல்லோருக்கும் பூசை என்று நினைத்தேன்.

அவர் திட்டவில்லை. கதவருகே நின்று ஒவ்வொரு கையாகப் பார்த்தார். அப்புறம், “இத ரெண்டு பங்கு சேத்தி அடிக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு மேலே போனார். அந்தப் புத்தகம் கடைகளில் வந்த வேகத்திலேயே விற்றுத் தீர்ந்தது.

அன்றிலிருந்து அது முறையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் மெஷினுக்குப் பொட்டு வைத்து, பூசை முடிந்து, பொரிகடலை வாயில் இருக்கும்போதே புதுக் கதை ஒன்றை நான் பைண்டிங் அறையில் படிக்க வேண்டும். முதலாளி கதவு நிலையில் நிற்பார். கதையைக் கவனிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. கண் மட்டும் கைகள் மேல் இருக்கும். கை நின்றால் அச்சு. நிற்காவிட்டால் வணக்கம்.

பெண்களிலே மூத்தவர் பாவாயி. கணவர் எங்கள் முதலாளியின் லாரியிலேயே டிரைவர். பைண்டிங்கில் இருந்த பெண்கள் முக்கால்வாசிப் பேருடைய வீட்டுக்காரர்களும் டிரைவர்கள்தான், இல்லையென்றால் கிளீனர்கள். ஆண்களை லாரியில் ஏற்றிவிட்டு வீட்டுப் பெண்களுக்குப் பிரஸ்ஸில் வேலை கொடுப்பது முதலாளியின் வழக்கம். பாவாயியின் கை எல்லோரையும்விட வேகம். அவர் கை நின்றால் மற்றவர்கள் கை தானாக நிற்கும். முதலாளி அவரைத்தான் குறியாகப் பார்ப்பார்.

இந்த விஷயம் வெளியே கசிந்ததும் எழுத்தாளர்கள் சும்மா இருப்பார்களா? ஆத்தூர்ப் பக்கத்து எழுத்தாளர் ஒருவர் தன் கதை படிக்கப்படுகிற வெள்ளிக்கிழமை ஒரு டின் நிறைய முறுக்கோடு வந்துவிட்டார். “நீங்க சாப்பிட்டுக்கினே கேளுங்கம்மா” என்று உபசாரம் வேறு. எல்லாக் கைகளும் நின்றன. முதலாளி முறுக்கு தீரும்வரை பொறுமையாக நின்றிருந்துவிட்டு, “இப்பப் படி அம்மிணி” என்றார். சர்ரக், சர்ரக். ஆத்தூர்க்காரர் காலி டின்னோடு பஸ் ஏறினார்.

நாங்கள் சிரித்தோம். அப்போதெல்லாம் அந்த முறையைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சென்னையில் பட்டம் வாங்கியவர்கள் நாலுபேர் உட்கார்ந்து முடிவு செய்வதை இங்கே உழைக்கிற கைகள் முடிவு செய்கின்றன என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கொலுசு

தங்கத்தின் வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

அவருக்கு அப்போது முப்பது வயதைத் தாண்டியிருக்கும். அவருடைய கணவரும் டிரைவர்தான், வேறொரு கம்பெனி லாரியில். பம்பாய், கல்கத்தா என்று லைனுக்குப் போனால் திரும்ப வர வெகுநாள் ஆகும். பையன்கள் ஸ்கூலுக்குப் போன நேரத்தில் எழுதினேன் என்று சொன்னார். நாவலுக்குப் பெயர் ‘தார்ப்பாய்’.

கதையில் பழனியம்மா என்று ஒரு டிரைவர் மனைவி. இரண்டு பையன்கள். புருஷன் லைன் முடித்து வரும்போதெல்லாம் அவளுக்குச் சேலை, பையன்களுக்கு மிட்டாய் என்று குறையில்லாமல் வாங்கி வருவான். ஒருமுறை அவன் அழுக்குத் துணியைத் துவைக்க எடுக்கிறாள். சட்டைப் பையில் ஏதோ கனக்கிறது. எடுத்துப் பார்த்தால் ஒரு சின்னக் கொலுசு. நடை பழகுகிற பெண்குழந்தை போடுகிற அளவு. அதில் ஒரு மணி அறுந்திருக்கிறது. சேலத்தில் கொலுசு நன்றாகச் செய்வார்கள் என்று பழுது பார்க்கக் கொண்டு வந்திருக்கிறான்.

அவள் வீட்டில் பெண்குழந்தை கிடையாது.

பழனியம்மா அழுவதில்லை, கத்துவதில்லை. துணியைத் துவைத்துக் கொடியில் போடுகிறாள். மறுநாள் அவன் தூங்கும்போது கொலுசை முந்தானையில் முடிந்துகொண்டு செவ்வாய்ப்பேட்டைக்குப் பஸ் ஏறுகிறாள். வெள்ளி ஆசாரியிடம் கொடுத்து அறுந்த மணியை வைக்கச் சொல்கிறாள். ஆசாரி கொலுசைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடம் ஒன்று கேட்கிறார். அவள் ஒரே வரியில் பதில் சொல்கிறாள். திரும்பி வந்து, மணி வைத்த கொலுசைத் துவைத்த சட்டையின் பையிலேயே போட்டு மடித்து வைக்கிறாள். அடுத்த லைனுக்குக் கிளம்பும்போது அவன் சட்டையை மாட்டுகிறான். பையில் கை வைக்கிறான். குலுங்குகிறது. இருவரும் ஒன்றும் பேசிக்கொள்வதில்லை.

ஆசாரிக்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுதவில்லை. அதை என்னைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் பின்னால் வருகிறார்.

அந்தப் பக்கத்தை நான் படிக்கும்போது புலவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவருகே முதலாளி இரண்டு முறை செருமினார். நான் படித்து முடிக்கிற வரியை நெருங்க நெருங்க, இதோ நிற்கப்போகிறது, இதோ நிற்கப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டே படித்தேன்.

சர்ரக், சர்ரக், சர்ரக்.

நிற்கவில்லை. நிற்காதது மட்டுமல்ல, வழக்கத்தைவிட வேகமாகப் போனது. ஒருத்தியும் தலையை நிமிர்த்தவில்லை. பாவாயியின் கை பறந்தது. அத்தனை பெண்களும் அன்றைக்கே அத்தனை பாரத்தையும் மடித்துத் தீர்த்துவிடப் போகிறவர்கள்போல மடித்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கம் மஞ்சள் பையின் காதைச் சுற்றுவதை விட்டுவிட்டார்.

தொண்டையும் கையும்

நான் நோட்டை மூடிவிட்டு முதலாளியின் பின்னாலேயே மாடிக்கு ஓடினேன்.

“இதப் போடலாங்க முதலாளி. இத்தன நாள்ல நான் படிச்சதுலயே இதுதாங்க கதை. உங்களுக்கே தொண்ட அடைச்சுதே, நான் பார்த்தேன்” என்றேன்.

அவர் மறைக்கவில்லை. “அடச்சுது அம்மிணி. இல்லைங்கல. நானும் லைனுக்குப் போனவந்தான், எனக்கு அடைக்காதா? ஆனா என்ற தொண்டைய வெச்சுப் பொஸ்தகம் போட்டனா கம்பெனி நடக்குமா? வாங்கறது அந்த மாதிரிப் பொம்பளைங்கதான். டிரைவரு பொண்டாட்டி கதை, டிரைவரு பொண்டாட்டிங்களுக்கே புடிக்கலையே. பாவாயி நிமுந்துகூடப் பாக்கலையே.”

“ஒருதடவை முறைய விட்டுப் பாக்கலாமுங்க.”

“இன்னைக்கு விட்டா நாளைக்கும் விடோணும். அப்பறம் முறை எதுக்கு?”

அவர் கெட்டவர் இல்லை. தங்கத்தைக் கூப்பிட்டு, காப்பி வரவழைத்துக் கொடுத்து, தன் வாயாலேயே சொன்னார். “கதை நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா கை நிக்கலீங்க.”

“பாத்தனுங்க” என்றார் தங்கம். காப்பியைக் குடிக்கவில்லை. நோட்டுகளை என்னிடமிருந்து வாங்கி வரிசையாக அடுக்கிப் பையில் வைத்தார். பைண்டிங் அறையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். போகும்போது அந்தப் பெண்களைப் பார்த்து, “வாரனுங்க” என்றார். அவர்கள் குனிந்த தலை குனிந்தபடியே மடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன திமிர் இவர்களுக்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்று முழுக்க நான் பாவாயியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர்கள் மடித்துக்கொண்டிருந்தது பத்தாம் வகுப்பு சரித்திர கைடு. பரீட்சை நெருங்கும் சமயத்தில் கடைகளிலிருந்து பண்டல் பண்டலாக அது திரும்பி வந்தது. பக்கங்கள் தாறுமாறு. சில பாரங்கள் தலைகீழாக மடிந்திருந்தன. போரில் தோற்ற ராஜா இரண்டு பக்கம் தள்ளிப் பட்டம் சூட்டிக்கொண்டிருந்தார். கஞ்சமலையில் அப்படி ஒரு மடிப்புப் பிழை அதற்கு முன் வந்ததே இல்லை. முதலாளி குதித்தார். பாவாயி வாயே திறக்காமல் வசவு வாங்கிக்கொண்டார். அந்தக் கைடுக்கும் அந்த வெள்ளிக்கிழமைக்கும் எங்களில் ஒருவரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

மெஷின் வந்தது

கம்பெனி அதற்குப் பிறகும் வளர்ந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் மடிக்கும் மெஷின் ஒன்று வாங்கினார்கள். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, போட்டோ எல்லாம் எடுத்தோம். ஒரு பக்கம் தாளை விட்டால் மறுபக்கம் மடித்துத் தள்ளியது. பைண்டிங் பெண்களுக்கு ஆளுக்கொரு சேலையும் பித்தளைக் குடமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பாவாயி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் விஷயம் புரிந்தது. பூசை முடிந்தது. நான் புதுக் கதையை எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி பழக்கத்தில் கதவு நிலையில் வந்து நின்றார். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு என்ன தெரியும், நான் எதைப் படித்தாலும் மடித்துக்கொண்டுதான் இருக்கும். முதலாளி கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “சரி, போ அம்மிணி” என்றார்.

அதன்பிறகு கதைகளைத் தேர்ந்தெடுக்க எந்த வழியும் அவருக்குத் தெரியவில்லை. சென்னையில் எது ஓடுகிறதோ அதைப் பார்த்து அதே மாதிரி போட்டார். பஸ் ஸ்டாண்டு கயிற்றில் எங்கள் புத்தகங்கள் வெயிலில் வெளுத்துத் தொங்கின. அதற்குள் வீட்டுக்கு வீடு டி.வி. வந்துவிட்டது. மகன்கள் இருவருக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி மேல் ஆசை, போர் போடப் போய்விட்டார்கள். ஒரு தை மாதத்தில் முதலாளி போய்ச் சேர்ந்தார். ஓமலூர் ரோட்டுக் கட்டடத்தில் போர்வெல் சாமான் கடை வந்தது. நான் பெஞ்சு போட்டுப் படித்த மூலையில் இப்போது இரும்புக் குழாய்களைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

பாவாயி சொன்னது

முதலாளி போன சில மாதங்கள் கழித்துச் சேலம் பஸ் ஸ்டாண்டில் பாவாயியைப் பார்த்தேன். வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று நெற்றியைப் பார்த்ததும் தெரிந்தது. புங்கமரத்து நிழலில் உட்கார்ந்து, பிரஸ்ஸைப் பற்றி, ராஜா தலைகீழாகப் போன கைடைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். நான் சிரித்தேன். பாவாயி சிரிக்கவில்லை.

“அது அன்னைக்கு மடிச்சது சாமி. அந்த சங்ககிரிப் புள்ள கதை படிச்ச அன்னைக்கு” என்றார்.

எனக்கு உடனே பிடிபடவில்லை.

“நீ படிக்கப் படிக்க எனக்குக் கண்ணுத் தெரியல. தண்ணி கட்டிக்கிச்சு. எதை எந்தப் பக்கம் மடிச்சன்னு கடவுளுக்குத்தான் தெரியும். எனக்கு மட்டுமில்ல, எல்லாத்துக்கும் அப்படித்தான்.”

“அப்புறம் ஏங்க்கா கை நிக்கல? ஒருத்தர் நிறுத்தியிருந்தாப் போதுமே!”

பாவாயி என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. “நீ கண்ணாலம் கட்டாதவ, உனக்கெப்படித் தெரியும்? எவ கை நிக்குதோ அவ ஊட்டுலயும் அப்படின்னு அர்த்தமாயிருமல்ல? பக்கத்துல ஒக்காந்திருக்கறவ புருசனும் எங்கூட்டுக்காரரும் ஒரே வண்டி. வாசப்படில மொதலாளி நிக்கறாரு. அவரு வண்டிதான் அது. அங்க கைய நிறுத்திப்போட்டு நான் எப்படி ஊடு திரும்பறது?”

பாவாயி முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“எங்கூட்டுல அது கொலுசு இல்ல சாமி” என்றார் பாவாயி. “ஒரு சோடி சின்னச் செருப்பு. நானும் கேக்கல.”

எனக்கு மனசு ஆறவே இல்லை. இன்றும் ஆறவில்லை. டயர் பொய் சொல்லாது என்று நம்பின மனிதர், அத்தனை கைகளும் ஒன்றுசேர்ந்து அவருக்கு முன்னாலேயே பொய் சொன்னதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவருடைய தொண்டை உண்மையைச் சொன்னது, அதை அவர் நம்பவில்லை. தார்ப்பாய் வந்திருந்தால் கஞ்சமலையின் பெயர் இன்றைக்கும் நிலைத்திருக்கும். அதைவிட, எங்கள் ஊர் வீடுகளில் எத்தனையோ பெண்கள் அதைச் சேலை மடிப்பில் ஒளித்துவைத்துப் படித்திருப்பார்கள். இது தனக்கு மட்டும் நடப்பதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சங்ககிரியில்

“அந்தப் புள்ள இப்ப சங்ககிரில சோத்துக்கடை வெச்சிருக்குது. பஸ்ஸுல போறப்பப் பாப்பேன். எறங்கிப் பேசத்தான் மூஞ்சி இல்ல” என்றார் பாவாயி. நான் அவர் கையைப் பிடித்து எழுப்பினேன். அன்றைக்கே போனோம்.

லாரிகள் வரிசையாக நிற்கும் ரோட்டோரம் கீற்றுக் கொட்டகை. மதியக் கூட்டம் கலைந்து, உள்ளே ஓரிருவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கம் வாசலில் முறத்தை மடியில் வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. எங்களை அடையாளம் தெரிந்ததும், “வாங்க, சாப்பிடுங்க” என்றாரே தவிர வேறு எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கை உரித்துக்கொண்டே இருந்தது.

நான் நோட்டுகளைப் பற்றிக் கேட்டேன்.

“அதெல்லாம் தண்ணி காய வெக்க அடுப்புக்குப் போயிருச்சுங்க. நல்லா எரிஞ்சுது” என்று சிரித்தார். “என்ன எழுதுனன்னே மறந்துபோச்சு. கையே நிக்காத கதைய வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது?”

பாவாயியை நான் பார்த்தேன். பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வது என்று என்னென்னவோ பேசிப் பார்த்தோம். அவருக்கு அதில் எதுவும் நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது. பாவாயி முறத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். தானும் ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

“அந்தப் பழனியம்மா” என்று ஆரம்பித்தார், “சட்டையத் தொவைக்க எடுத்தாளல்ல. பையி கனத்துச்சு.”

தங்கம் நிமிரவில்லை. உரித்துக்கொண்டிருந்தார்.

பாவாயி சொல்லிக்கொண்டே போனார். சட்டையைக் கொடியில் போட்டது, முந்தானையில் முடிந்தது, பஸ் ஏறியது எல்லாவற்றையும். நான் ஒரே ஒருமுறை படித்த கதை. இத்தனை வருடம் கழித்தும் எழுதியவருடைய வார்த்தைகளிலேயே வந்தது. நான் மறந்துவிட்ட இடங்களும் வந்தன. ஆசாரி பட்டறையில் துருத்தி ஊதுகிற பையன்கூட வந்தான்.

“ஆசாரி கொலுசத் திருப்பிப் பாத்தாரு. ‘நல்ல வேலைங்க. யாரு கொழந்தைதுங்க இது?’ன்னு கேட்டாரு.” பாவாயி நிறுத்தினார். “‘எங்க ஊட்டுதுதானுங்க’ன்னு சொன்னா.”

உள்ளேயிருந்து ஒரு டிரைவர், “ஏனுங்க, இங்க கொஞ்சம் ரசம் ஊத்துங்க” என்று கூப்பிட்டார். தங்கம் திரும்பவில்லை. பாதி உரித்த வெங்காயம் விரல்களுக்கு நடுவில் அப்படியே இருந்தது.

அவர் கை நின்றுவிட்டது. நான் என்னை அறியாமல் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். நிலையில் சாய்ந்துகொண்டு அதைப் பார்க்க அங்கே முதலாளி இல்லை.